எட்டு மாதம் சோறு தொடாதவர் சோற்றுக்குத் திரும்பும்போது

வாசகர் கேள்வி:

"அக்கா, நான் களுவாஞ்சிக்குடிப் பக்கம். வயது 47, பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறன். போன வருசம் எச்.பி.ஏ.1சி 6.3 எண்டு வந்தது. சீனி வருத்தத்துக்கு முந்தின நிலை எண்டு சொல்லி டொக்டர் மெட்ஃபோர்மின் தந்தார். நான் யூடியூப் பார்த்து சோறு, பிட்டு, பாண், பருப்பு, பழம் எல்லாத்தையும் விட்டுட்டன். முட்டை, மீன், இறைச்சி, தேங்காய்ப்பால், கொஞ்சம் இலைக்கறி, காலையில பட்டர் போட்ட கோப்பி. எட்டு மாதத்தில 79 கிலோ 67 ஆச்சு. ஏ1சி 5.6. எல்லாரும் மெச்சினாங்க. ஆனா இப்ப மலச்சிக்கல், தலைமயிர் கொத்தாக் கொட்டுது, பின்னேரமானா எழும்ப ஏலாத சோர்வு. கெட்ட கொலஸ்ட்ரோல் எண்டுற எல்.டி.எல். 118 இருந்தது 176 ஆகிட்டு. வைகாசியில அம்மன் சடங்கு முடிய பொங்கலும் சோறும் பாயாசமும் சாப்பிட்டு, ரெண்டு மணித்தியாலத்தில விரலில குத்திச் சீனி பார்த்தா 208. என்ட உடம்புக்கு இனிச் சோறு நஞ்சுதானா? படுவான்கரையில எங்கட வயல், சொந்த நெல்லு வீட்ட கிடக்கு. பிள்ளைகளுக்கு ஒரு சட்டி, எனக்கு ஒரு சட்டி எண்டு சமைச்சே களைச்சுப் போனன். லோ ஜி.ஐ. சாப்பாடு நல்லம் எண்டு சொல்றாங்க. என்னென்ன சாப்பிடலாம் எண்டு ஒரு லிஸ்ட் அனுப்புவீங்களா? குறைஞ்ச நிறை திரும்பவும் வந்திடுமா? ஞாயிற்றுக்கிழமையில பிட்டும் தயிரும் சாப்பிட ஏலுமா?"

பதில்:

தங்கச்சி, முதலில் அந்த 208ஐப் பற்றிப் பேசிவிடுவோம். உங்கள் கடிதம் முழுக்க அந்த ஒரு எண்ணுக்குத்தான் பயந்துபோய் இருக்கிறது.

நீங்கள் எழுதியிருக்கும் சாப்பாட்டைக் கூட்டிப் பார்த்தால் நாளொன்றுக்கு முப்பது கிராம் மாச்சத்துக்கூட உள்ளே போயிருக்காது. அப்படி எட்டு மாதம் இருந்துவிட்டு, சடங்கு வீட்டில் ஒரே இருப்பில் சர்க்கரைப் பொங்கல், வெள்ளைச் சோறு, பாயாசம் என்று நூறு கிராமுக்கு மேல் போட்டிருக்கிறீர்கள். மாச்சத்து வராத காலத்தில் தசைகள் கொழுப்பை எரித்துப் பழகிவிடும். இரத்தத்தில் கொழுப்பு அமிலம் கூடுதலாக ஓடும்போது, தசை குளுக்கோஸை வாங்கிக்கொள்வது மந்தமாகும். சாப்பிட்ட உடனே கணையம் விடும் முதல் இன்சுலினும் வேகம் குறைந்திருக்கும். மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்த மில்லுக்கு ஒரே நாளில் பத்து மூட்டை நெல்லைக் கொண்டுபோய் இறக்கின மாதிரி என்று வையுங்கள். மில் பழுது என்று அன்றைக்கே முடிவு கட்ட முடியாது.

இது புதிதாகக் கண்டுபிடித்த விஷயமும் இல்லை. 1930களில் லண்டனில் ஹரோல்ட் ஹிம்ஸ்வேர்த் என்ற மருத்துவர் இதை எழுதிவைத்திருக்கிறார்: நல்ல சுகமாக உள்ள ஆட்களுக்கே மாச்சத்தைக் குறைத்துக் கொடுத்துவிட்டுப் பிறகு குளுக்கோஸ் கொடுத்தால் சீனி கூடுதலாக ஏறும். அதனால்தான் குளுக்கோஸ் குடிக்கக் கொடுத்துச் செய்யும் இரத்தப் பரிசோதனைக்கு முன் மூன்று நாளாவது தினமும் 150 கிராமுக்குக் குறையாமல் மாச்சத்துச் சாப்பிட்டிருக்க வேண்டும் என்று விதி வைத்திருக்கிறார்கள். அந்த ஆயத்தம் இல்லாமல் செய்த பரிசோதனை, இல்லாத நீரிழிவைக் காட்டக்கூடும். நீங்கள் சடங்கு வீட்டில் செய்ததும் ஆயத்தம் இல்லாத அப்படி ஒரு பரிசோதனைதான்.

அதற்காக 208ஐத் தூக்கி எறிந்துவிடவும் சொல்லமாட்டேன். உங்களுக்கு ஏ1சி 6.3 இருந்தது உண்மை. 5.7 முதல் 6.4 வரை நீரிழிவுக்கு முந்தின நிலை, 6.5 வந்தால் நீரிழிவு. 5.6 என்ற இப்போதைய எண், மாச்சத்தே இல்லாத காலத்தின் எண். மாச்சத்தோடு உங்கள் உடம்பு எப்படி நடந்துகொள்கிறது என்பதை இனித்தான் பார்க்கப் போகிறோம். ஏ1சி ஏறக்குறைய மூன்று மாதத்துச் சீனியைச் சொல்வது. ஆகவே நான் கீழே சொல்லும் முறையில் சாப்பிடத் தொடங்கி மூன்று மாதம் கழித்து ஒரு ஏ1சி செய்யுங்கள். அது சொல்லும் கதையை நம்பலாம்.

சாப்பாட்டுக்குப் போகுமுன் இன்னொன்று. மலச்சிக்கல், தலைமயிர், சோர்வு, எல்.டி.எல். ஏற்றம், இந்த நாலையும் நீங்கள் கீட்டோச் சாப்பாட்டின், அதாவது மாச்சத்தை விட்டுக் கொழுப்பில் ஓடும் இந்த முறையின், தலையில் போட்டுவிட்டீர்கள். பெரும்பாலும் சரியாக இருக்கலாம். வேகமாக நிறை குறைந்தால் இரண்டு மூன்று மாதத்தில் மயிர் கொட்டத் தொடங்கும், பிறகு தானாக நிற்கும். நார்ச்சத்து இல்லாவிட்டால் வயிறு இறுகும். பட்டரும் தேங்காய்ப்பாலும் எல்.டி.எல்.ஐ ஏற்றும். ஆனால் தைரொயிட் குறைவாக வேலை செய்தாலும் இதே நாலும் வரும். நாற்பது தாண்டிய பெண்களுக்கு அது அரிதும் இல்லை. மாதவிடாய் நிற்கும் காலத்தை ஒட்டியும் எல்.டி.எல். கூடும். எனவே தைரொயிட்டுக்கு டி.எஸ்.எச்., இரத்தத்துக்கு ஹீமோகுளோபின், இரும்புச்சத்து இருப்புக்கு ஃபெரிட்டின் மூன்றையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். சாப்பாட்டை மாற்றிவிட்டு ஆறு மாதம் காத்திருந்து, பிறகு தைரொயிட் என்று கண்டுபிடிக்கிற நிலை வேண்டாம்.

இனி நீங்கள் கேட்ட லிஸ்ட். அனுப்பமாட்டேன். ஏன் என்று சொல்கிறேன்.

நீங்கள் சொன்ன ஜி.ஐ., அதாவது கிளைசீமிக் சுட்டெண் என்பதை 1981இல் கனடாவின் ரொறொன்ரோவில் டேவிட் ஜென்கின்ஸும் அவருடைய கூட்டாளிகளும் கொண்டுவந்தார்கள். ஒரு உணவில் உடம்பு எடுத்துக்கொள்ளக்கூடிய மாச்சத்து 50 கிராம் வரும்படி அளந்து, வெறும் வயிற்றில் ஆட்களுக்குக் கொடுத்து, இரண்டு மணித்தியாலம் இரத்தச் சீனியை அளப்பார்கள். வெறும் குளுக்கோஸுக்கு வருவதை 100 என்று வைத்து மற்றதை ஒப்பிடுவார்கள். 55 வரை குறைவு, 56 முதல் 69 நடுத்தரம், 70உம் அதற்கு மேலும் கூடுதல். இவ்வளவுதான் விஷயம். இதில் அளவு இல்லை, சமைத்த விதம் இல்லை, பக்கத்தில் என்ன கறி இருந்தது என்பதும் இல்லை.

வத்தகைப்பழத்தைப் பாருங்கள். அதன் சுட்டெண் 70க்கு மேல். லிஸ்ட் வைத்திருக்கிறவர் பயந்து ஓடுவார். ஆனால் அது பெரும்பகுதி தண்ணீர். ஒரு துண்டில் ஏழெட்டுக் கிராம் மாச்சத்துத்தான். சீனி பெரிதாக ஏறாது. மறுபக்கம் ஐஸ்கிறீமும் உருளைக்கிழங்குப் பொரியலும் அவற்றில் உள்ள கொழுப்பால் மெதுவாகச் சமித்து, சுட்டெண்ணில் நல்ல பிள்ளையாக நிற்கும். எண் குறைவு என்று அவற்றைத் தின்னலாமா? மோல்ட் சேர்த்த பானங்களைச் சத்து என்று ஊற்றிக் குடிக்கிறோம். மோல்டில் உள்ள மோல்டோஸின் சுட்டெண் குளுக்கோஸையே தாண்டும். கீட்டோவில் 'தொடக்கூடாத' லிஸ்ட் ஒன்றை எட்டு மாதம் சுமந்தீர்கள். அதை இறக்கிவைத்துவிட்டு எண்கள் போட்ட புது லிஸ்ட் ஒன்றைத் தூக்கினால் பாரம் அப்படியேதான் இருக்கும். தட்டில் எது, எவ்வளவு, எதோடு சேர்ந்து இருக்கிறது என்று பார்க்கப் பழகினால் லிஸ்ட் தேவைப்படாது.

தொடங்குவது சோற்றில் வேண்டாம், பயறில் தொடங்குங்கள். நீங்கள் பருப்பைக்கூட விட்டதுதான் எனக்குக் கவலை. பயறு, கடலை, கௌபி, மைசூர்ப் பருப்பு எல்லாமே சுட்டெண் குறைந்தவை. கடலையும் பருப்பும் 30ஐ ஒட்டித்தான் நிற்கும். அரைக் கோப்பை அவித்த பயறில் ஏறக்குறைய 20 கிராம் மாச்சத்து, அதில் ஏழு கிராம் அளவு நார்ச்சத்து. அந்த நார்ச்சத்தில் ஒரு பகுதி கரையும் வகை. குடலில் பித்த அமிலத்தைப் பிடித்து வெளியேற்றி எல்.டி.எல்.ஐயும் இறக்க உதவும். உங்கள் மலச்சிக்கலுக்கும் 176க்கும் ஒரே மருந்து சமையலறைப் போத்தலுக்குள் இருக்கிறது.

ஒரேயடியாக அரைக் கோப்பை போட்டால் வயிறு ஊதிப் பொருமும், "பருப்பும் எனக்குச் சரிவராது" என்று அடுத்த கடிதம் வரும். முந்தின இரவு ஊறப்போட்டு, அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டு அவியுங்கள். முதல் நாலைந்து நாள் மத்தியானத்தில் மூன்று மேசைக்கரண்டி. வயிறு பழகினபிறகு அரைக் கோப்பை. தண்ணீரும் கூடக் குடியுங்கள். பள்ளிக்கூட இடைவேளைக்கு அவித்த கடலையில் தேங்காய்ச்சொட்டும் செத்தல் மிளகாயும் போட்டுத் தாளித்து ஒரு சின்னப் பெட்டியில் கொண்டுபோகலாம். கன்டீன் பணிஸின் பக்கம் கண் போகாது. இந்தக் காலத்தில் ஒரு கொய்யாப்பழமோ ஒரு துண்டுப் பப்பாசியோ சேருங்கள். ஜூஸ் அடிக்க வேண்டாம், கடித்துச் சாப்பிடுங்கள்.

இப்படி இரண்டு கிழமை போகட்டும். அந்த இரண்டு கிழமையும் குளுக்கோமீற்றரை அலுமாரிக்குள் வைத்துவிட்டால் எனக்குச் சந்தோஷம். முதல் நாட்களில் உடம்பு மாச்சத்தைத் திரும்பக் கையாளப் பழகிக்கொண்டிருக்கும். வரும் எண்கள் உங்களைப் பயமுறுத்தத்தான் உதவும்.

மூன்றாம் கிழமையில் சோறு. மத்தியானத்துக்கு மட்டும், அரைக் கோப்பை. சமைத்த சோறு ஒரு கோப்பை 45 கிராம் அளவு மாச்சத்துத் தரும், அரைக் கோப்பையில் 22 அளவு. அதோடு அரைக் கோப்பை பருப்பு அல்லது பயறு, தட்டில் பாதி இடத்துக்கு முருங்கையிலைச் சுண்டலோ வல்லாரைச் சம்பலோ கத்தரிக்காய், புடலங்காய், போஞ்சி என்று ஏதாவது மரக்கறியோ, ஒரு நல்ல துண்டு மீன். முதலில் இலைக்கறியையும் மீனையும் கொஞ்சம் சாப்பிட்டுவிட்டுப் பிறகு சோற்றில் கைவையுங்கள். இந்த வரிசை மாற்றத்துக்கே சாப்பாட்டுக்குப் பின் ஏறும் சீனி குறைவாக இருக்கும். சோற்றை மலையாகக் குவித்து நடுவில் குழி தோண்டி ஆணம் ஊற்றும் நம்மட பழக்கத்துக்கு இது கொஞ்சம் வித்தியாசமாகத்தான் இருக்கும். மீனைப் புளியாணமாக வையுங்கள். புளியும் தேசிக்காயும் வயிறு காலியாவதைச் சற்று மெதுவாக்கும். சோற்றின் வேகமும் குறையும்.

எந்தச் சோறு? இங்கே உங்களுக்குக் கிடைத்திருக்கும் வசதி ரவுணில் கடையில் அரிசி வாங்குகிறவர்களுக்கு இல்லை: சொந்த நெல். 'சிவப்பு அரிசி' என்ற பெயரை மட்டும் பார்த்து நம்பவேண்டாம். சிவப்புத் தவிட்டை மில்லில் தீட்டித் தள்ளிவிட்டால் உள்ளே இருப்பது வெள்ளைதான். ஒரு பிடி அரிசியை உள்ளங்கையில் போட்டுப் பாருங்கள். நிறம் முழுதாக மூடியிருக்கிறதா, கோடு கோடாகச் சுரண்டியிருக்கிறதா என்று தெரியும். மில்லில் கொடுக்கும்போது ஒரு தீட்டோடு நிறுத்தச் சொல்லுங்கள். மில்காரர் உங்களை ஒரு மாதிரிப் பார்ப்பார், பரவாயில்லை. தவிட்டில் எண்ணெய் இருப்பதால் அப்படி அரைத்த அரிசி சீக்கிரம் சிக்குவாடை அடிக்கும். மூட்டைக் கணக்கில் அரைத்து வைக்காமல் இரண்டு மூன்று கிழமைக்குத் தேவையானதை மட்டும் அரைத்து எடுங்கள்.

நெல்லை அவித்துக் காயவைத்து அரைப்பது இன்னும் நல்லம். அவிக்கும்போது மாச்சத்து இளகி, காயும்போது திரும்ப இறுகும். அப்படி இறுகியதைச் சமிபாட்டு நொதிகள் உடைக்க நேரம் எடுக்கும். தவிட்டில் உள்ள பி வகை விற்றமின்களில் ஒரு பகுதியும் அரிசிக்குள் இறங்கிவிடும். குழைந்து ஒட்டும் அரிசியைவிட மணி மணியாக உதிரும் அரிசி சீனியை மெதுவாக ஏற்றும். அமிலோஸ் என்ற மாச்சத்து வகை அதில் கூடுதல். அதனால்தான் வெள்ளையாக இருந்தும் பாஸ்மதி பல வெள்ளை அரிசிகளைவிடச் சுட்டெண்ணில் கீழே நிற்கிறது. ஆட்டக்காரி மாதிரி ஊர் நெல் உங்கள் வயலில் இருந்தால் விதைப்பதை விட்டுவிடாதீர்கள். ஆனால் அதுவும் சோறுதான். அரைக் கோப்பை அரைக் கோப்பைதான். 'சுகர்காரருக்கு' என்று லேபல் ஒட்டி இரட்டை விலைக்கு விற்கும் அரிசிப் பைகளுக்குக் காசைக் கொட்ட வேண்டாம் என்பது என் தனிப்பட்ட கருத்து.

வயல்காரர் வீட்டில் பழஞ்சோறு பற்றிக் கேட்காமல் இருக்கமாட்டார்கள். ஆறின சோற்றில் மாச்சத்தின் ஒரு பகுதி இறுகிச் சமிக்காத வகையாக மாறுவது உண்மை. தயிர், சின்ன வெங்காயம், பச்சை மிளகாயோடு காலையில் ஒரு சின்னக் கோப்பை தாராளமாகச் சாப்பிடலாம். அந்த மாற்றம் சிறிதுதான். பழஞ்சோறு என்பதற்காக இரட்டை அளவு போட்டால் கணக்குத் தலைகீழாகும். நம்மட வெக்கைக்கு, தண்ணீர் ஊற்றாத சோற்றை இரவு முழுக்க வெளியே வைக்கவும் கூடாது. ஆறவைத்து உடனே குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்துவிடுங்கள்.

சோறு வந்து இரண்டு கிழமை போனபிறகு மீற்றரை வெளியே எடுங்கள். சாப்பாட்டுக்கு முன் ஒருமுறை, முதல் வாய் வைத்த நேரத்தில் இருந்து இரண்டு மணித்தியாலத்தில் ஒருமுறை. உங்கள் நிலைக்கு இரண்டாவது எண் 140க்குள் இருந்தால் நல்லது. அதற்கு மேல் போனால் சோற்றை விட ஓடாதீர்கள். முதலில் அளவைப் பாருங்கள், பிறகு பக்கத்துக் கறியைப் பாருங்கள், சாப்பிட்டதும் பத்துப் பதினைந்து நிமிடம் நடந்துவிட்டுத் திரும்ப அளந்து பாருங்கள். பாடம் இல்லாத மணியில் பள்ளி மைதானத்தைச் சுற்றினால் போதும். நடக்கும் தசை இன்சுலினை அதிகம் எதிர்பாராமலே குளுக்கோஸை இழுத்துக்கொள்ளும்.

இனி நிறை. மாச்சத்துத் திரும்பின முதல் கிழமையில் தராசு ஒன்றிலிருந்து இரண்டு கிலோ கூடக் காட்டும். அது கொழுப்பில்லை. ஈரலிலும் தசையிலும் கிளைக்கோஜனாகச் சேமிக்கும் ஒவ்வொரு கிராமோடும் மூன்று கிராம் அளவு தண்ணீரும் சேர்ந்து தங்கும். கீட்டோ தொடங்கின முதல் கிழமையில் 'மளமளவென்று' குறைந்ததில் பெரும்பங்கு இதே தண்ணீர்தான். அப்போது சந்தோஷப்பட்டதை இப்போது அழுது தீர்க்க வேண்டாம்.

உண்மையில் நிறை திரும்ப வருவது வேறொரு வழியால். கீட்டோவின் பட்டரும் இறைச்சியும் அப்படியே இருக்க, அதன் மேல் சோறும் வந்து சேரும். இரண்டு சாப்பாட்டு முறையின் கொழுப்பும் மாச்சத்தும் ஒரே தட்டில். இப்படிச் செய்தவர்கள்தான் ஆறு மாதத்தில் முன்னிருந்ததைவிடக் கூடுதலாக நிறை போட்டுக்கொண்டு என்னிடம் வருகிறார்கள். அதனால் பயறு வரும் அன்றைக்கே கோப்பியில் பட்டர் நிற்க வேண்டும். (கோப்பிக்குள் பட்டர் போடும் யோசனை எந்தப் புண்ணியவானுக்கு வந்ததோ, கோப்பிக்கும் அழகில்லை பட்டருக்கும் அழகில்லை.) சோறு வரும்போது கறிக்கு முதற்பாலை விட்டு இரண்டாம் பாலுக்கு மாறுங்கள், இறைச்சியைக் கிழமையில் ஒன்றிரண்டு நாளாக்குங்கள். மீனைக் குறைக்கவேண்டாம். சாளை, கீரி, சூரை எல்லாம் விலைக்கும் நல்லது, இதயத்துக்கும் நல்லது. பொரிக்காமல் ஆணமாக்கிச் சாப்பிட்டால் சரி. ஒரு பிடி கச்சான் அல்லது கஜு இருக்கட்டும்; மட்டக்களப்பில் இருந்துகொண்டு கஜுவை விடச் சொல்ல எனக்கு மனமில்லை, ஒரு பிடியோடு கையை மடக்கினால் போதும்.

எல்.டி.எல்.ஐ இரண்டு மூன்று மாதத்தில் திரும்பப் பாருங்கள். இறங்காவிட்டால் டொக்டர் மாத்திரை தருவதைப் பற்றிப் பேசுவார். அப்போது யூடியூபிடம் கேட்காமல் அவரிடமே கேளுங்கள்.

பிட்டுக்கு வருகிறேன். அரிசியை மாவாக அரைத்த உடனே அதன் வேகம் கூடிவிடுகிறது, பொடியாக இருக்க இருக்க நொதிகளுக்கு வேலை சுலபம். அதனால் இடியப்பம், பிட்டு, அப்பம் மூன்றும் அதே அரிசிச் சோற்றைவிடக் கவனமாகச் சாப்பிட வேண்டியவை. குரக்கனும் இதற்கு விலக்கில்லை. நைஸாக அரைத்த குரக்கன் மாவில் கஞ்சி காய்ச்சிக் குடித்துவிட்டு 'சுகருக்கு நல்லம்' என்று இருப்பவர்கள் ஒருநாள் குத்திப் பார்த்தால் திகைத்துப் போவார்கள். குரக்கனில் கல்சியமும் நார்ச்சத்தும் இருக்கின்றன, அதற்காகச் சாப்பிடலாம். கஞ்சியாகக் குடிப்பதைவிடத் தேங்காய்ப்பூச் சேர்த்துத் தடித்த ரொட்டியாகச் சுடுவது மேல், அதுவும் ஒன்று.

பிட்டுக்கு ஒரு நன்மை, அதில் தேங்காய்ப்பூ இருக்கிறது. மாவைக் குறைத்துத் தேங்காய்ப்பூவைக் கூட்டுங்கள். முருங்கையிலையைப் பொடியாக வெட்டிச் சேர்த்துக் கீரைப்பிட்டாக அவியுங்கள், அல்லது மாவில் கால் பங்குக்குப் பதில் குழையாமல் அவித்த பயறைக் கலந்து அவியுங்கள். ஞாயிற்றுக்கிழமை எருமைத் தயிரோடு தாராளமாகச் சாப்பிடலாம். தயிர் புளிப்பு, புரதம், கொழுப்பு மூன்றும் கொண்டது, பிட்டின் வேகத்தை இழுத்துப் பிடிக்கும். குழலில் அவித்தால் ஒரு குழலில் பாதி, அதற்கு மேல் வேண்டாம். சீனி போட்டுப் பிசைவதுதான் இதைக் கெடுப்பது. ஒரு சின்ன வாழைப்பழம், அதிகம் கனியாததாக, பிசைந்துகொள்ளுங்கள். பனங்கட்டி போட்டால் பரவாயில்லைதானே என்று மாமியார் கேட்பார். அதுவும் சீனிதான், சின்னத் துண்டு ஒன்றுக்கு மேல் போனால் கணக்கில் வரும். பிட்டுச் சாப்பிடும் நாளில் மத்தியானம் சோற்றைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

பாணுக்கு நான் அவ்வளவு இரக்கம் காட்டமாட்டேன். ஒரு றாத்தல் பாண் 450 கிராம். கால் றாத்தலில் 55 கிராம் அளவு மாச்சத்து, அதுவும் வேகமாக ஏறும் வகை. பழுப்புப் பாண் என்று விற்பதில் பலது மாவை நைஸாக அரைத்து நிறம் காட்டியது. கிழமையில் ஒருநாள், இரண்டு துண்டு, முட்டையும் மரக்கறியும் வைத்து. அதோடு சரி.

கிழங்குகளில் வத்தாளையும் மரவள்ளியும் அவித்து, மீனோடோ சம்பலோடோ, சோற்றுக்குப் பதிலாகச் சாப்பிடலாம். சோற்றோடு கறியாக உருளைக்கிழங்கு வைப்பதுதான் வீண். மாம்பழக் காலத்தில் அரை மாம்பழம், சாப்பாட்டு நேரத்துக்கு நடுவில் தனியாக.

இரவுச் சாப்பாட்டை இரண்டாம் மாதம் வரை இப்போது சாப்பிடுகிற மாதிரியே விட்டுவிடுங்கள்: மீன், இலைக்கறி, அதோடு புதிதாகக் கொஞ்சம் பயறு மட்டும். பின்னேரச் சோர்வு மத்தியானச் சோறும் பயறும் வந்ததும் விலகும் என்றுதான் எதிர்பார்க்கிறேன். விலகாவிட்டால் நான் மேலே சொன்ன டி.எஸ்.எச். ரிப்போர்ட்டைப் பாருங்கள். எல்லாம் பழகினபிறகு நாளொன்றுக்கு 120 முதல் 150 கிராம் மாச்சத்து என்ற இடத்தில் நீங்கள் நின்றால் போதும். கிராம் கிராமாக எண்ணச் சொல்லவில்லை. மேலே சொன்ன கோப்பைக் கணக்கில் மத்தியானம், காலை, ஒரு பழம், ஒரு இடைவேளைக் கடலை என்று வைத்தால் அந்த இடத்துக்குத்தான் வந்து சேரும்.

வீட்டில் இரண்டு சட்டி வைக்கும் வேலையும் இதோடு முடிந்துவிடும். பிள்ளைகளுக்கும் அதே ஒரு தீட்டு அரிசி, அதே பருப்பு, அதே மீன் ஆணம். அவர்களுக்குச் சோறு கூட, உங்களுக்கு இலைக்கறி கூட. பிள்ளைகள் முதல் இரண்டு நாள் சிவப்புச் சோற்றைப் பார்த்து முகத்தைச் சுழித்தால் பாதிக்குப் பாதி வெள்ளை கலந்து சமையுங்கள். கீட்டோவை விட இந்த முறையை நான் விரும்புவதற்குப் பெரிய காரணமே இதுதான்: அடுத்த சடங்குக்கும் கல்யாண வீட்டுக்கும் பயமில்லாமல் போய் அரைக் கோப்பைச் சோற்றை மீன் கறியோடு சாப்பிட்டுவிட்டுப் பாயாசத்தை ஒரு வாயோடு வைக்கலாம். எட்டு மாதக் கட்டுப்பாடு உங்களுக்கு 12 கிலோ குறைத்துத் தந்திருக்கிறது, அது வீணில்லை. அவ்வளவு நிறை இறங்கினதாலேயே உங்கள் இன்சுலின் முன்னைவிட நன்றாக வேலை செய்யும். சோறு திரும்புவதற்கு நல்ல நேரத்தில்தான் கேட்டிருக்கிறீர்கள்.

மெட்ஃபோர்மினை நீங்களாக நிறுத்த வேண்டாம், கூட்டவும் வேண்டாம். அந்த மாத்திரை மட்டும் எடுப்பவருக்கு இந்த மாற்றத்தில் சீனி ஆபத்தான அளவுக்கு இறங்கும் பயமில்லை.

இதை வாசிக்கும் மற்றவர்களுக்கு ஒரு வார்த்தை. கிளிக்லசைட் மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்களுக்கு, மாச்சத்தைக் குறைக்கும்போதும் கூட்டும்போதும் மருந்தளவு மாற வேண்டியிருக்கும். மாற்றாமல் சோற்றை விட்டால் சீனி இறங்கி மயங்கி விழக்கூடும். எம்பாகிளிஃப்ளோசின், டாபாகிளிஃப்ளோசின் மாதிரி 'கிளிஃப்ளோசின்' என்று முடியும் மாத்திரை எடுப்பவர்கள் கடும் கீட்டோச் சாப்பாட்டில் இருப்பது வேறு வகை ஆபத்து: சீனி பெரிதாக ஏறாமலே இரத்தம் அமிலமாகிவிடும். சிறுநீரக வருத்தம் உள்ளவர்களுக்குப் பயறு, கடலையின் அளவை அவர்களுடைய ரிப்போர்ட்டைப் பார்த்துத்தான் சொல்லமுடியும். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் கீட்டோவைத் தொடவே வேண்டாம். இவர்கள் எல்லாரும் தங்கள் மருந்துப் பட்டியலோடு கிளினிக்குக்குப் போய்க் கேட்டபிறகே சாப்பாட்டில் கைவைக்க வேண்டும்.